மரக் கிண்ணம் கடையப் பழகுகிறேன்: நார் பிய்வதும் கட்டை வெடிப்பதும்

சூலூர் புதுக்கை

எல்லோருக்கும் வணக்கமுங்க. சூலூர் பக்கம் இருக்கிறேன், நூற்பாலையில் மெயின்டனன்ஸ் வேலை. மரத்தில் கிண்ணம் கடைய வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இந்தக் கோடையில் ஒரு சின்ன மர லேத் (கட்டையைச் சுற்றவிட்டு உளியால் கடையும் மெஷின்) வாங்கி, காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் தரையோடு போல்ட் அடித்து நிறுத்தியாச்சு. முக்கால் எச்.பி. மோட்டார், நாலு படி புல்லி, 10 அங்குல விட்டம் வரை கட்டை சுற்றும்.

கட்டைக்கு விறகு டிப்போதான். பூவரசும் வேம்பும் எடை போட்டுத் தருகிறார்கள். முதலில் மாட்டியது பூவரசு. உருண்டை ஆகும் வரைக்கும் லேத்தே தடதடவென்று ஆடியது. ஆட்டம் நின்று உளி சீராக இறங்க ஆரம்பித்ததும் ஈரச் சுருள் கையின் மேல் வந்து விழுகிறதே, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெளியே வெளுப்பாக இருந்த கட்டைக்குள் சேகு, அதாவது உள் மரம், கருஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, கிண்ணத்தின் வெளிப்பக்கம் இரண்டு இடத்தில் மட்டும் பஞ்சு மாதிரி நார் பிய்ந்து நிற்கிறது. நேர் எதிரெதிரே இருக்கும் இரண்டு இடம். மற்ற இடமெல்லாம் வழவழப்பு. 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் அந்த இரண்டு இடமும் போகவில்லை. இரண்டாவது, வேம்பில் கடைந்த கிண்ணம் பரணில் இருந்தபடியே நடுவிலிருந்து விளிம்பு வரை வெடித்துவிட்டது. மரம் தப்பா, முறை தப்பா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணபதி டர்னர்

வாழ்த்துகள் தம்பி. நான் இரும்பு லேத் ஓட்டுகிறவன், முப்பது வருசத்துக்கு மேல் ஆச்சு. மரம் கடைய ஆரம்பித்தது பிள்ளைகள் படித்து முடித்த பிறகுதான். உங்கள் கேள்விக்கு மற்றவர்கள் வருவார்கள். அதற்கு முன்னால் வேகத்தைப் பேசிவிடலாம், அது தெரியாமல் மற்றது எதுவும் பேசக் கூடாது.

கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வர வேண்டும். 8 அங்குலக் கிண்ணம் என்றால் 750 முதல் 1100 சுற்று வரை. அதுவும் கட்டை உருண்டை ஆன பிறகு. கோணல்மாணலாக இருக்கும்போது லேத்தில் என்ன குறைந்த வேகம் உண்டோ அதுதான். நம்ம ஊர் நாலு போல் மோட்டார் 1440 சுற்று சுற்றும். அதை ஒன்றுக்கு ஒன்று புல்லியில், அதாவது லேத்தும் அதே வேகத்தில் சுற்றுகிற மாதிரி போட்டு 10 அங்குலக் கட்டையை மாட்டினால் விளிம்பு மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு துண்டு பெயர்ந்து வந்தால் முகத்தில்தான் அடிக்கும். பழைய பம்ப் மோட்டாரைப் போட்டு லேத் கட்டுகிறவர்கள் மோட்டார் மேல் இருக்கும் நேம் பிளேட்டைப் படித்துவிட்டுப் போடுங்கள். 2880 சுற்று மோட்டார் கிண்ண வேலைக்கு ஆகாது.

முகம் முழுக்க மூடும் ஷீல்டு போடுங்கள், கண்ணாடி மட்டும் போதாது. கையுறை, தொங்கும் துண்டு, முழுக்கை, கையில் கோயில் கயிறு எதுவும் வேண்டாம். வேட்டியோடு லேத் பக்கம் போகவே கூடாது. மோட்டார் போடும்போது கட்டைக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். இரும்பு லேத்தில் டூல் போஸ்ட் உளியைப் பிடித்துக்கொள்கிறது. மரத்தில் நம் கைதான் டூல் போஸ்ட்.

என்ன உளி வைத்திருக்கிறீர்கள், சாணை பிடித்தீர்களா?

ஆனைமலை அடிவாரம்

எதிரெதிரே இரண்டு இடம் என்று நீங்கள் பார்த்துச் சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது தம்பி. கிண்ணக் கட்டையில் நார் கிடையாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது. கட்டை ஒரு சுற்று வருவதற்குள் உளி இரண்டு தடவை நாரின் பக்கவாட்டைச் சந்திக்கும், இரண்டு தடவை நாரின் முனையைச் சந்திக்கும். முனை வருகிற இடத்தில் உளி மழுங்கி இருந்தால் வெட்டாது, பிய்க்கும். அதனால்தான் இரண்டே இடம்.

ஒரு கட்டு ஈர்க்குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டின் நடுவில் கத்தி வைத்தால் ஒவ்வொரு குச்சிக்கும் பின்னால் இன்னொரு குச்சி தாங்கி நிற்கும், சுத்தமாக வெட்டுப்படும். ஓரத்துக் குச்சிக்குத் தாங்கல் கிடையாது, மடங்கிக் கிழியும். கிண்ணத்திலும் நாருக்குத் தாங்கல் இருக்கும் திசையில்தான் உளி போக வேண்டும். வெளிப்பக்கம் கடையும்போது அடியிலிருந்து விளிம்புக்கு. உட்பக்கம் கடையும்போது விளிம்பிலிருந்து நடுவுக்கு. இதை மாற்றிச் செய்தால் எவ்வளவு நல்ல மரமும் பிய்யும்.

உப்புத்தாளால் அதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். பிய்ந்த இடம் ஆழமாக இருக்கும். அதைத் தேய்க்கப் போனால் சுற்றியுள்ள மெதுவான பாகம் முதலில் கரைந்து கிண்ணம் வட்டம் கெடும். உளியைச் சாணை பிடித்துவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரோ எண்ணெயோ தடவி, மெல்லிசாக ஒரு சுற்று எடுத்துப் பாருங்கள். நார் நனைந்து நின்றால் வெட்டுப்படும்.

அப்புறம் வேம்பு. அதில் நார் ஒரு அடுக்கு இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு வலப்பக்கம் சாயும். பழகுகிற கைக்கு அது கஷ்டமான மரம். பூவரசிலேயே தொடருங்கள்.

அந்தியூர் உளி

வெடித்த கதைக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் குடும்பம் தலைமுறையாகத் தச்சு வேலை. தாத்தா காலத்தில் தொட்டில் காலும் கட்டில் காலும் கடைவார்கள், ஒருத்தர் கயிறு இழுக்க ஒருத்தர் உளி பிடிப்பது. அது நீளவாக்கில் கடைவது, நார் கட்டையின் அச்சோடு ஓடும். கிண்ணம் அப்படி இல்லை, ஆனைமலை அக்கா சொன்ன மாதிரி நார் குறுக்கே கிடக்கிறது. அதனால் கால் கடைந்த கை அப்படியே கிண்ணத்துக்குப் பழகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தம்பி, உங்கள் வேப்பங்கட்டையில் மரத்தின் நடுச்சோறு, அதாவது நட்டநடு மையம், கிண்ணத்துக்குள் இருந்திருக்கும். "நடுவிலிருந்து விளிம்பு வரை" என்று நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். காயும்போது எந்த மரமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுச்சோறு உள்ளே இருந்தால் இந்த இழுப்பு போவதற்கு வழியில்லை, வெடித்துத்தான் தீரும். கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் தள்ளி வெட்டிவிடுங்கள். மீதி இருப்பதுதான் கிண்ணத்துக்கு.

பச்சை மரத்தைக் கடையலாம், கடைவதும் சுகம். ஆனால் ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது. முதலில் தடிமனாகக் கடைந்து நிறுத்துங்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் வைப்பது வழக்கம். 8 அங்குலக் கிண்ணம் என்றால் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அதை அதன் சொந்தச் சுருளோடு சாக்கிலோ காகிதப் பையிலோ போட்டு வைத்துவிட வேண்டும். காயும்போது வட்டம் முட்டையாகும், பயப்பட வேண்டாம், அதற்குத்தான் தடிமன். வாரம் ஒரு தடவை சமையல்கட்டுத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். எடை இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் மறுபடி லேத்தில் ஏற்றி முடிக்கலாம். மாதக் கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் மறுபடி வெடிப்புதான்.

நம்ம பக்கத்தில் இன்னொரு தொல்லை காற்று. வைகாசி பிறந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, பல்லடம், சூலூர் எல்லாவற்றையும் காய்ச்சி எடுத்துவிடும். காற்றாலை சுற்றுவதற்கு நல்லது, பச்சைக் கட்டைக்குப் பகை. வெளிப்புறம் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் பிளவு விழும். அந்த மாதங்களில் கட்டையைக் கொட்டகையில் திறந்து போடாதீர்கள். மரம் வெட்டின அன்றைக்கே கட்டையின் இரண்டு தலைப்பிலும் (அறுத்த முனைகளிலும்) உருக்கிய மெழுகோ பழைய பெயின்டோ கெட்டியாகப் பூசிவிடுங்கள். ஈரம் தலைப்பு வழியாகத்தான் வேகமாகப் போகும். பரண் ஓட்டுக்குக் கீழே சூடாக இருக்கும், அங்கே வைப்பது வேண்டவே வேண்டாம்.

மரத்தைப் பற்றி: பூவரசு தங்கமான மரம். கடற்கரை நாடுகளிலெல்லாம் இருக்கிறது, ஹவாய்த் தீவில் சாப்பாட்டுக் கிண்ணமே இதில் செய்தார்கள், உணவுக்கு மரத்தின் ருசி ஏறாது என்பதால். மா மரம் மலிவு, கடையச் சுலபம். வாகை அழகு, ஆனால் அதன் தூள் தும்மல் கிளப்பும், மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள். புளியில் சேகு இரும்பு, வெளி மரம் பூச்சி ஏறும். யூகலிப்டஸ் வெடிக்கிறதுக்கென்றே பிறந்த மரம். அரளிக் கட்டை எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் கிண்ணத்துக்கு எடுக்காதீர்கள், அது விஷம்.

சூலூர் புதுக்கை

அண்ணா, அக்கா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றிங்க. மிச்சம் இருக்கும் வேப்பங்கட்டைகளில் நடுச்சோறு தெரிகிறது, இன்றைக்கே பிளந்துவிடுகிறேன்.

உளி லேத்தோடு செட்டாக வந்தது. ஆறு உளி. அதில் அகலமான, அரை வட்டமாக வளைந்த பெரிய உளிதான் கட்டையை உருட்டத் தோதாக இருக்கிறது. கம்பெனிச் சாணையோடு அப்படியே ஓட்டுகிறேன். கிரைண்டர் இருக்கிறது, ஆனால் உளியில் கை வைக்கத் தயக்கம்.

கணபதி டர்னர்

தம்பி, அந்தப் பெரிய உளியைக் கிண்ணத்துக்கு இனிமேல் தொடாதீர்கள். அது கட்டில் கால் மாதிரி நீளவாக்கு வேலைக்குச் செய்த ரஃபிங் கவ்ஜ். பிடிக்குள் போகும் வால் பகுதி ஒல்லி. கிண்ணக் கட்டையின் நார் முனையில் மாட்டினால் அந்த வால் முறிந்து இரும்பு உங்கள் மேல் பறக்கும். கிண்ணத்துக்கு பவுல் கவ்ஜ் தனி. உருண்டைக் கம்பியில் ஆழமாகக் குழி எடுத்தது, பிடிக்குள்ளும் அதே தடிமனில் போகும். செட்டில் இல்லை என்றால் அரை அங்குலத்தில் ஒன்று மட்டும் வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

சாணைக்குத் தயங்காதீர்கள். கம்பெனியிலிருந்து வருவது உருவம் கொடுத்த உளிதான், தீட்டிய உளி இல்லை. வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், 80 கிரிட் போதும். உளி முனையை ஒட்டிச் சரிந்திருக்கும் சாய்மானம் முழுக்க மார்க்கர் மை பூசிக் கல்லில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. மூக்கிலிருந்து (வெட்டும் முனை) குதிகால் (சரிவின் பின் ஓரம்) வரை மை ஒரே சீராகப் போகும் வரை கோணத்தைத் திருத்திக்கொண்டு, அப்புறம் தீட்டுங்கள். 50 டிகிரிக்கு அக்கம்பக்கம் வைத்தால் பழகுவதற்குச் சரியாக இருக்கும். உளி எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) என்றால் கொஞ்சம் நீலம் பூத்தாலும் பதம் போகாது, ஆனால் சுடச்சுடத் தண்ணீரில் முக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கார்பன் ஸ்டீல் என்றால் நேர் எதிர்: நீலம் வந்தால் பதம் போச்சு, அடிக்கடி முக்கி எடுக்க வேண்டும்.

கொறங்காடு

காங்கேயத்திலிருந்து. எனக்கு இதில் வேறு கருத்து இருக்கிறது. புதிதாக வருகிறவரைச் சாணைக்கல் முன்னால் உட்கார வைத்தால் பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். கோவையில் கார்பைடு இன்செர்ட் (தண்டில் திருகி மாட்டும் சின்ன வெட்டுத் துண்டு) சுலபமாகக் கிடைக்கும். வட்ட இன்செர்ட் ஒன்றை இரும்புத் தண்டின் முனையில் திருகி, நீளமாகப் பிடி போட்டால் உளி தயார். மழுங்கினால் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டில் மட்டமாக வைத்துத் தள்ளினால் கட்டை கரைகிறது. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், இன்னும் அப்படித்தான் ஓடுகிறது. வெள்வேல் மாதிரி கல் மரத்தை இதுதான் அசராமல் தின்கிறது.

ஆனைமலை அடிவாரம்

கார்பைடு சுலபம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது சுரண்டுகிற உளி. தம்பி கேட்டதே நார் பிய்கிறதே என்றுதான். மட்டமாகச் சுரண்டினால் அந்த இரண்டு இடமும் இன்னும் மோசமாகும். வெள்வேல் மாதிரி நெருக்கமான மரத்தில் அது தெரியாது. பூவரசிலும் மாவிலும் பளிச்சென்று தெரியும்.

பவுல் கவ்ஜில் கிடைக்கிற வெட்டே வேறு. தண்டு டூல் ரெஸ்டில் படியட்டும், அடுத்து சாய்மானத்தின் குதிகால் மரத்தில் உரசட்டும், அப்புறம்தான் பிடியை மெல்ல உயர்த்தி முனையை இறக்க வேண்டும். இந்த வரிசை கைக்கு வந்துவிட்டால் உளி மாட்டுவதும் நிற்கும், மேற்பரப்பும் கண்ணாடியாக வரும். உப்புத்தாளை நைசான 180 நம்பரிலேயே ஆரம்பிக்கலாம். இந்தச் சுகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் சாணை பிடிக்க யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் ஆரம்பத்திலேயே கவ்ஜில் பழகட்டும் என்கிறேன்.

கொறங்காடு

சரிங்க அக்கா, நார் முனை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனாலும் ஒன்று சேர்க்கிறேன். இன்செர்ட்டை மட்டமாக வைக்காமல் 45 டிகிரி சாய்த்து உரசினால் பிய்வது நிறையக் குறைகிறது. உட்பக்கம் அடியைச் சமப்படுத்தக் கார்பைடு, வெளிப்பக்கம் கவ்ஜ் என்று வைத்துக்கொள்ளலாமே. இரண்டும் இருந்தால் நல்லதுதான்.

சூலூர் புதுக்கை

பவுல் கவ்ஜ் வாங்கி, மார்க்கர் மை முறையில் சாணை பிடித்து ஓட்டினேன். அடியிலிருந்து விளிம்புக்கு எடுத்ததும் அந்தப் பஞ்சு முக்கால்வாசி காணாமல் போய்விட்டது. தண்ணீர் தடவிக் கடைசிச் சுற்று எடுத்ததில் மீதியும் போனது. சத்தமே மாறிவிட்டதுங்க. முன்பு கரகரவென்று இருக்கும், இப்போது சீறிக்கொண்டு சுருள் வருகிறது. இனிச் சாணை பிடிக்காமல் லேத்தை ஓட்ட மனசு வராது.

அடுத்த கேள்வி. இந்தக் கிண்ணத்தில் சாப்பாடு வைக்கலாமா? என்ன எண்ணெய் போடுவது? வீட்டில் தேங்காய் எண்ணெய் போடச் சொல்கிறார்கள்.

ஆனைமலை அடிவாரம்

கேட்கவே சந்தோசமாக இருக்கிறது.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலெண்ணெய் மூன்றும் மரத்தின் மேல் கெட்டிப்பட்டுப் படலம் ஆகாது. நாளாக ஆகச் சிக்கு வாடை வரும், பிசுபிசுக்கும். மெடிக்கல் கடையில் லிக்விட் பாரஃபின் கிடைக்கும், அது கெட்டுப்போகாது. அதில் நாலில் ஒரு பங்கு தேன்மெழுகு போட்டு, அடுப்பில் நேரடியாக வைக்காமல் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கித் தடவுங்கள். அவ்வப்போது மறுபடி தடவ வேண்டியிருக்கும். ஆளி விதை எண்ணெய் தானாகக் கெட்டிப்படும், ஆனால் ஹார்டுவேர் கடையில் விற்கும் டபுள் பாயில்டு டின்னில் சீக்கிரம் உலர உலோக உப்பு சேர்த்திருப்பார்கள். உணவுக் கிண்ணத்துக்குக் கலப்பில்லாத எண்ணெய் வாங்கி, நன்றாகக் காய வாரக் கணக்கில் விடுங்கள். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

அரக்கும் நல்லது. சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் வெட்பாலை மரத்தை லேத்தில் சுற்றவிட்டு அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகிப் படியும். கடைசியில் தாழை ஓலையால் பளபளப்பு ஏற்றுவார்கள். சுழலும் மரத்தில் செய்ய வேண்டியது என்பதால் லேத்காரர்களுக்குத் தோதான பூச்சு. சூடும் சாராயச் சத்தும்தான் அதற்கு ஆகாது.

பழம், முறுக்கு, பொரி, வெல்லம் தாராளமாக வைக்கலாம். கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் ஊற்றவோ ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வைக்கவோ வேண்டாம்.

அந்தியூர் உளி

தம்பி, மரம் அடையாளம் பழக வேண்டும் என்றால் கோவை கவுலி பிரவுன் சாலையில் கேஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. 1902-ல் தொடங்கியது. விதவிதமான மரத் துண்டுகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தால் விறகு டிப்போவில் உங்கள் கண்ணே வேறு மாதிரி வேலை செய்யும். விறகுக் குவியலுக்குள் வாகையும் மஞ்சக்கடம்பும் கிடப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்து மனசு பொறுக்காமல் எடுத்து வந்திருக்கிறேன். எரித்துவிட்டால் போயே போச்சு.

கொறங்காடு

சீமைக் கருவேலத்தை யாரும் சொல்லவில்லையே. காட்டை அழிக்கிறது என்று எல்லோரும் வெட்டித் தள்ளுகிற மரம். அதன் அமெரிக்கச் சொந்தக்கார மரமான மெஸ்கீட்டை அந்த ஊர்க் கடைசல்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். காரணம், காயும்போது சுருக்கம் ரொம்பக் குறைவு, வெடிப்பதும் குறைவு. நம்ம ஊர் மரமும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. காப்பி நிறச் சேகு, பாலிஷ் நன்றாக ஏறும். கனத்த கட்டை கிடைப்பதுதான் சிரமம், பழைய மரமாகப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் காட்டில் அடுத்த ஞாயிறு பொக்லைன் விட்டுப் பிடுங்குகிறார்கள். ஒரு அடி விட்டத்துக்கு மேல் சில மரம் நிற்கிறது.

சூலூர் புதுக்கை

அண்ணா, ஞாயிறு எனக்கு ஷிப்ட் இல்லை, வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். என்னென்ன கொண்டு வரட்டும்?

கொறங்காடு

வாங்க தம்பி. மரம் அறுக்கும் மெஷின் இங்கே இருக்கிறது. கெட்டி அடி வைத்த பூட்ஸ் போட்டு வாருங்கள், இந்த முள் செருப்பைத் துளைத்துவிடும். தலைப்பில் பூச மெழுகு ஒரு டின், பிரஷ், ஆறேழு ஈரச் சாக்கு கொண்டு வாங்க. நடுச்சோறை இங்கேயே அறுத்துத் தள்ளிவிடலாம், வண்டியில் பாரமும் குறையும். வெயிலுக்கு முன்னால் காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள்.